சுண்டெலிக்கு உயரமான காலர்

என்னை எல்லோரும் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. பைனாகுலர் செய்யும் எங்கள் தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில், பெரிய ஜன்னலுக்கு எதிரே, இறுதிச் சோதனை நாற்காலியில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். தெருவின் அந்தக் கோடியில் ஒரு கட்டடத்தின் பக்கச் சுவரில் கோடும் வட்டமுமாக ஒரு பலகை மாட்டியிருக்கும். ஒவ்வொரு பைனாகுலரையும் எடுத்து அதைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் ஒரே படம் வருகிறதா, ஓரம் மங்குகிறதா, உள்ளே தூசி இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் பெட்டிக்குப் போகும். சிவப்பு ஒட்டினால் கீழே போகும், கூடவே கீழே யாராவது ஒருத்தர் முகமும் தொங்கிப்போகும்.

அந்த நாற்காலிக்கு ஒரு விதி உண்டு. இறுதிச் சோதனை செய்பவர் மூக்குக்கண்ணாடி அணிபவராக இருக்கக் கூடாது. சட்டம் போட்டு சுவரிலேயே மாட்டி வைத்திருந்தார்கள். எந்தக் காலத்திலோ யாரோ ஒருத்தருடைய ஃபிரேம் திருகாணி ஒரு லென்ஸைக் கீறிவிட்டதாம். வருஷத்துக்கு ஒரு முறை ஒரு நர்ஸம்மா வந்து எங்கள் கண்ணைச் சோதிப்பார். அவர் கொண்டுவரும் எழுத்து அட்டை இருபத்திரண்டு வருஷமாக அதே அட்டை. போன தடவை அதைக் கடகடவென்று ஒப்பித்த வேகத்தில், கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"இத இதுவரைக்கும் யாரும் படிச்சதே இல்ல" என்று நர்ஸம்மா அசந்துபோய் முதலாளியம்மாவிடமே போய்ச் சொன்னார். முதலாளியம்மா எனக்குக் கை கொடுத்தார். உண்மையில் அன்றைக்கு அந்த அட்டை எனக்கு ஒரு வெள்ளைத் துணி மாதிரிதான் தெரிந்தது.

கண் கெட்டு அப்போதே நாலு மாதம் ஆகியிருந்தது. வெறும் கிட்டப் பார்வை, தூரப் பார்வை என்றால் பைனாகுலரின் சக்கரத்தைத் திருப்பிச் சமாளித்திருப்பேன். எனக்கு வந்தது வேறு. கருவிழி உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது என்று கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். எந்தச் சக்கரத்தைத் திருப்பினாலும் அது சரியாகாதாம், கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டுமாம். வாங்கினேன். சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன். காலையில் வெறுங்கண்ணால் பார்த்ததையெல்லாம், மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியோடு இரண்டாவது தடவை பார்த்துவிடுவேன். சாப்பாடு ஆறிப் போகும். போகட்டும். ஏமாற்றினேன்தான், ஆனால் வேலையில் ஏமாற்றவில்லை.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் சுண்டெலி வந்து சேர்ந்தது.

சுண்டெலி என்பது நாங்கள் வைத்த பெயர். உள்ளங்கையில் அடங்கிவிடும் புது மாடல் பைனாகுலர். வடிவமைத்தவர் முதலாளியம்மாவின் மருமகன். அவரை நாங்கள் எல்லோருமே முகத்துக்கு நேராகவே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் தான் செய்ததைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்: கண்ணாடி அணிந்தவர்களுக்கும் வசதி. ஐ ரிலீஃப் பதினைந்து மில்லிமீட்டர்.

ஐ ரிலீஃப் என்றால் ஒன்றுமில்லை, லென்ஸிலிருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்கிற தூரம். மூக்குக்கண்ணாடி போட்டவர் தன் கண்ணை லென்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது, நடுவில் அவருடைய கண்ணாடியே நந்தி மாதிரி நிற்கும். அதனால் அவருக்கு இந்தத் தூரம் அதிகமாக வேண்டும். இல்லையென்றால் சாவித் துவாரம் வழியாக ஊரைப் பார்ப்பது போலத்தான்.

எனக்கு அந்தச் சாவித் துவாரம்தான் தெரிந்தது. முதல் நாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு சுண்டெலியை எடுத்துக் கண்ணாடியோடு பார்த்தேன். சுற்றிலும் கறுப்பு, நடுவில் ஒரு சின்ன வட்டம். தலையைக் கொஞ்சம் அசைத்தால் அந்த வட்டமும் ஓடிப்போய் ஒளிந்துகொண்டது. இருந்த கொஞ்ச நஞ்சக் கண்ணும் போய்விட்டது என்று நினைத்தேன். சுண்டெலியைச் சந்தேகப்படவே தோன்றவில்லை. பெட்டியில்தான் வசதி என்று அச்சடித்திருக்கிறதே.

கண்ணாடிக் கடைக்காரரிடம் மூன்று தடவை போனேன். முதல் தடவை கண்ணில் புதுக் கோளாறு ஒன்றும் இல்லை என்றார். இரண்டாவது தடவை கண்ணாடியை முகத்தோடு ஒட்டி வையுங்கள் என்று கேட்டேன், மூக்குப் பட்டையை நெருக்கி வைத்தார். மூன்றாவது தடவை இன்னும் ஒட்டி வையுங்கள் என்றேன்.

"இதுக்கு மேல ஒட்டணும்னா கண்ணுக்குள்ளதாங்க வைக்கணும்" என்றார் அவர்.

இப்போது இமை முடி கண்ணாடியில் உரசிக் கிச்சுக் கிச்சென்று தொந்தரவு செய்தது. வீட்டுக்கு வந்தேன். என் கணவர் தையல்காரர். அவருடைய பொடிக் கத்தரிக்கோலை எடுத்து, குளியலறைக் கண்ணாடிமுன் நின்று, இரண்டு கண்ணிலும் இமை முடியைக் கத்தரித்துவிட்டேன். வெளியே வந்ததும் அவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"என்னமோ மாதிரி இருக்க. புருவத்த எடுத்தியா?"

"இல்ல."

"அப்ப என்னத்த எடுத்த?"

சொன்னேன். அவர் கத்தரிக்கோலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது பட்டுத்துணி வெட்டற கத்தரி. முடி வெட்டினா முனை மழுங்கிடும்" என்றார். என் கண் போச்சு என்று நான் கலங்கிக்கொண்டு நிற்க, இந்த மனுஷனுக்குக் கத்தரிக்கோல் கவலை. அன்று ராத்திரி நான் அவரோடு பேசவே இல்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இமையைக் கத்தரித்தும் வட்டம் ஒரு நூல்கூடப் பெரிதாகவில்லை. நடுவில் மாப்பிள்ளை வேறு ஒரு காரியம் செய்தார். ஆளுக்கொரு சுண்டெலியைக் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பயன்படுத்திப் பாருங்கள், கருத்தை எழுதிக் கொடுங்கள் என்று ஒரு படிவத்தையும் நீட்டினார். எல்லோரும் எழுதியது ஒரே வார்த்தை: அருமை. வேறு என்ன எழுதுவார்கள், வடிவமைத்தவர் முதலாளியம்மாவின் பெண்ணைக் கட்டியவர். நானும் அருமை என்றுதான் எழுதினேன். என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆனால் அந்தப் படிவங்களைக் கட்டிவைக்கும்போது ஒரு தாளைப் பார்த்துவிட்டு நின்றேன். எங்கள் கணக்கர் எழுதியது. அவர் சோடாப் புட்டிக் கண்ணாடி போட்டவர், தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவார். அவரும் அருமை என்று எழுதியிருந்தார். அப்படியானால் கண்ணாடியோடு பார்த்த அவருக்குத் தெரிகிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லையா? சுண்டெலியை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன்.

"அண்ணே, இதுல ஒரு தடவ பாருங்க."

வாங்கிப் பார்த்தார். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, தலையைக் கோழி மாதிரி முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். "நல்லா தெரியுது" என்றார்.

"என்ன தெரியுது?"

"எல்லாந்தான்."

"எல்லாம்னா?"

"இந்த… எதிர்ல இருக்கறதெல்லாம்."

"எதிர்ல என்னண்ணே இருக்கு?"

சுண்டெலியை இறக்காமலே இன்னொரு தடவை தலையை ஆட்டிப் பார்த்தார். "ஒரு மரம்" என்றார்.

எதிரில் மரமே கிடையாது. அவர் பைல் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நம்மளுக்குள்ள இருக்கட்டும். உண்மைய சொல்லுங்க."

கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலை இறக்கினார். "எனக்கு எந்தப் பைனாகுலர்லயும் ஒண்ணும் தெரியாதும்மா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். பாக்கத் தெரியலன்னு சிரிப்பாங்கன்னு, கொடுத்தா பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிடுவேன். இங்க வேலைக்கு வந்து பத்தொம்பது வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத."

பைனாகுலர் கம்பெனியில் பத்தொன்பது வருஷம், ஒரு நாள்கூட பைனாகுலரில் எதையும் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் அவர்மேல் இல்லை. கறுப்பைப் பார்த்துவிட்டு அருமை என்று சொல்கிறவர்கள் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சுண்டெலியை வீட்டு ஜன்னலில், வெளிச்சத்தைப் பார்த்த மாதிரி, இரண்டு புத்தகத்துக்கு நடுவில் நிறுத்தி வைத்தேன். என் கணவர் சட்டைக் காலர் வரைய வைத்திருக்கும் டிரேசிங் தாளில் ஒரு துண்டைக் கிழித்து, கண் வைக்கும் பக்கத்தில் பிடித்து, மெதுவாகப் பின்னால் இழுத்தேன். தாளில் விழும் வெளிச்சப் பொட்டு எந்த இடத்தில் சுருங்கிப் பளிச்சென்று நிற்கிறதோ, அங்கேதான் கண் இருக்க வேண்டும். இது நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே கற்றுக்கொண்டது. ஒரு ஆள் தாளைப் பிடித்தால் இன்னொரு ஆள் அளக்க வேண்டும். பேசாமல் இருந்த கோபத்தை விட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன். அவர் தன் இரும்பு ஸ்கேலோடு வந்தார். தையல்காரர், மில்லிமீட்டரில் அரையைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

"லென்ஸ்லேருந்து பதினஞ்சு" என்றார்.

பெட்டியில் போட்டது பொய்யில்லை. மனசு தொய்ந்துவிட்டது. தவறு என் கண்ணில்தான்.

அவர் ஸ்கேலை எடுக்காமல் குனிந்து, சுண்டெலியைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். கண் பதியும் இடத்தில் ஒரு ரப்பர் கப் உண்டு. வெறுங்கண்ணால் பார்ப்பவர்கள் அதைத் திருகி வெளியே ஏற்றிக்கொள்வார்கள், கண்ணாடிக்காரர்கள் உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். நான் முழுக்க இறக்கித்தான் வைத்திருந்தேன்.

"இந்த ரப்பர் இதுக்கு மேல இறங்காதா?"

"இறங்காது."

"இறங்கியும் லென்ஸ விட்டு அஞ்சு மில்லி மேல நிக்குதே. உன் கண்ணாடி வந்து இடிக்கறது ரப்பர்லதான, லென்ஸ்ல இல்லையே? அப்ப உனக்குப் பத்துதான் மிச்சம்." ஸ்கேலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கழுத்த ஆழமா வெட்டிட்டு காலர உசரமா வச்சிருக்கான். போட்டவனுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. என் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. சுண்டெலிக்குத்தான் காலர் உயரம். மாப்பிள்ளை லென்ஸிலிருந்து அளந்திருக்கிறார், உட்காரும் இடத்திலிருந்து அளக்கவில்லை. கணக்கர் அண்ணனைத் தவிர, சோதித்துப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் வெறுங்கண்ணுக்காரர்கள், கப்பை மேலே ஏற்றிப் பார்த்தவர்கள். யாருக்கும் தெரிய வழியில்லை. இந்த உலகத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே ஆள், அந்த நாற்காலியில் திருட்டுத்தனமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்தான்.

சந்தோஷம் டீ ஆறும்வரைகூட நிற்கவில்லை. இதை எப்படிப் போய்ச் சொல்வது? சொன்னால் நாற்காலி போகும். இருபத்திரண்டு வருஷப் பெயர் போகும். அச்சகத்தின் பெயரைப் படித்த கதையும் சந்தி சிரிக்கும்.

"சொல்லாம இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார் அவர்.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அறுநூறு சுண்டெலிகளை வாங்க வியாழக்கிழமை ஒரு அம்மாள் வருகிறார். ஓய்வு பெற்றவர்களைச் சுற்றுலா கூட்டிப்போகும் நிறுவனம் அவருடையது. மலை, அருவி, பறவை என்று காட்ட ஆளுக்கொரு பைனாகுலர் கொடுக்கப் போகிறாராம். அறுபது வயதுக்கு மேல் பத்தில் எட்டுப் பேர் மூக்குக்கண்ணாடிதான். அத்தனை பேரும் மலையைப் பார்க்க நின்று கறுப்பைப் பார்த்துவிட்டு, கணக்கர் அண்ணனைப் போல அருமை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெட்டியில் என் பச்சை ஸ்டிக்கர் இருக்கும்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தேன்.

"மாப்பிள்ள, ஐ ரிலீஃப எங்கேருந்து அளந்தீங்க?"

"லென்ஸ்லேருந்துதான்க்கா. எல்லாரும் அப்படித்தான அளப்பாங்க."

"கப்போட விளிம்பு கொஞ்சம் மேல நிக்குதே. கண்ணாடிக்காரங்களுக்கு இடிக்காதா?"

"விரல் பட்டு லென்ஸ் அழுக்காகக் கூடாதுன்னு நான்தான்க்கா ஏத்தி வச்சேன்." பெருமையாகச் சிரித்தார். "ஏன், கண்ணாடி போட்டவங்க யாராவது சொன்னாங்களா?"

"சொன்னாங்கன்னு வைங்க."

"யாரு? பேரச் சொல்லுங்க. இப்பவே கூட்டிட்டு வந்து பாக்கறேன்."

வாயைத் திறந்தேன். கணக்கர் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், என் நாற்காலி ஒரு பக்கம். "யாரும் சொல்லல, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு அன்றைக்கு முழுக்கச் சிவப்பு ஸ்டிக்கராக ஒட்டித் தள்ளினேன். கீழ்மாடியில் என்ன ஆச்சு கழுகுக்கு என்று பேசிக்கொண்டார்களாம்.

வியாழக்கிழமை அந்த அம்மாள் வந்தார். எழுபது வயதிருக்கும், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், கனமான கண்ணாடி, நடையில் நல்ல வேகம். முதலாளியம்மா அவரை நேரே என் ஜன்னலுக்கே கூட்டி வந்தார். மாப்பிள்ளையும் கணக்கர் அண்ணனும் பின்னால் வந்து நின்றார்கள்.

"இவங்கதான் எங்க கழுகு" என்றார் முதலாளியம்மா என் தோளில் கை வைத்து. "அம்பது வயசு ஆகப்போகுது, இன்னும் கண்ணாடி கிடையாது. இவங்க கண்ணு பாக்காம ஒரு பீஸ் வெளிய போகாது."

நான் சிரித்தேன். சிரித்தது பல் மட்டும்தான்.

மாப்பிள்ளை சுண்டெலியின் கப்பை இறக்கி, அந்த அம்மாளிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியோடு வைத்துப் பார்த்தார். தலை கோழி மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. அந்த ஆட்டத்தைக் கணக்கர் அறையில் நான் பார்த்திருக்கிறேன்.

"எதிர்ல பலகை தெரியுதாம்மா?" என்றார் மாப்பிள்ளை.

"தெரியுது, தெரியுது. அருமையா இருக்கு."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது பலகை அல்ல, ஜன்னலின் இரும்புச் சட்டம். ஒரு முழ தூரத்தில் இருக்கும் சட்டம். சொல்லி முடித்துச் சுண்டெலியை இறக்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். வேகமாக நடந்து வந்த அம்மாள் இல்லை அது. தப்புச் செய்த பிள்ளை மாதிரி, யாராவது கவனித்துவிட்டார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். நர்ஸம்மாவின் அட்டைக்கு முன்னால் எனக்கு அந்த முகம்தான் இருந்திருக்கும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

சாப்பாட்டுப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். டப்பாவை எடுத்தேன். அடியில் இருந்த கைக்குட்டையைப் பிரித்தேன். எல்லோரும் நான் எதையோ சாப்பிடக் கொடுக்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"மேடம், எனக்குக் கண்ணாடி வந்து பதினோரு மாசம் ஆச்சு" என்றேன். பிறகு அந்த அம்மாள் கையிலிருந்த சுண்டெலியை வாங்கி வைத்துப் பார்த்தேன். "எனக்கு இதுல ஒரு சின்னப் பொட்டுதான் தெரியுது. தலைய ஆட்டினா அதுவும் போயிடுது. அம்மா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அந்த அம்மாள் முதலாளியம்மாவைப் பார்த்தார், என் கண்ணாடியைப் பார்த்தார். "அதே மாதிரிதான்" என்றார் மெல்ல. "என் கண்ணு சரியில்லன்னு நினைச்சேன்."

பின்னாலிருந்து கணக்கர் அண்ணனின் குரல் வந்தது. "எனக்கும் அப்படித்தான் மேடம். பத்தொம்பது வருஷமா."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. பையிலேயே வைத்திருந்த டிரேசிங் தாளையும் என் கணவரின் ஸ்கேலையும் அவர் கையிலேயே கொடுத்தேன். லென்ஸிலிருந்து அளந்தார், பதினைந்து. கப்பின் விளிம்பிலிருந்து அளந்தார், பத்து. ஸ்கேலைத் திருப்பிப் போட்டு மறுபடியும் அளந்தார். ஸ்கேல் என்ன செய்யும், அதுவும் பத்து என்றுதான் சொன்னது.

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"சொல்ல வந்தேன். பேரக் கேட்டீங்க."

முதலாளியம்மா அந்த அம்மாளிடம் மூன்று வாரம் அவகாசம் கேட்டு, காரில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி மாடியேறி வந்தார்.

"பதினோரு மாசம் நீங்க பாஸ் பண்ணின பீஸெல்லாம்?"

"ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ பாத்தது மேடம். காலையில கண்ணால, மத்தியானம் கண்ணாடியோட."

"ஒண்ணுகூட திரும்பி வரல. அது எனக்குத் தெரியும்." சுவரில் மாட்டியிருந்த விதியைப் பார்த்தார். "ஆனா என்கிட்ட மறைச்சீங்க. அது வேற விஷயம். நாளையிலேருந்து கீழ, பேக்கிங்ல இருங்க."

பேக்கிங் முதல் மாடியில். ஜன்னல் கிடையாது. அட்டைப்பெட்டி, டேப், குழல்விளக்கு. என் நாற்காலியில் என் பக்கத்து மேஜைக்காரி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து, செய்ததே பைத்தியக்காரத்தனம், எவளோ ஒருத்தி இரும்புச் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனால் எனக்கென்ன என்று அவரிடம் கத்தித் தீர்த்தேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை.

"திரும்ப அவங்க அங்க நின்னா நீ என்ன பண்ணுவ?" என்றார்.

"அதையேதான் பண்ணுவேன். அதுக்காக கத்தக் கூடாதா?"

"கத்து, கத்து" என்றார்.

மூன்று வாரம் பெட்டி ஒட்டினேன். யாரும் கழுகு என்று கூப்பிடவில்லை. கூப்பிட வாயெடுத்து, என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, அக்கா என்று மாற்றிக்கொண்டார்கள். அதுதான் அதிகமாக வலித்தது.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையே மூச்சு வாங்க இறங்கி வந்தார். "அக்கா, மேல வாங்க. அந்தம்மா வந்திருக்காங்க. புதுப் பீஸக் கையிலயே தொட மாட்டேங்கறாங்க. கண்ணாடி போட்ட அந்தம்மா முதல்ல பாக்கட்டும்னு உக்காந்துட்டாங்க."

போனேன். மாப்பிள்ளை காலரை ஒட்டச் சீவியிருந்தார். லென்ஸுக்கு மேலே ரப்பர் ஒரு மில்லிதான் நின்றது. கண்ணாடியோடு வைத்துப் பார்த்தேன். பலகை முழுசாக, ஓரம்வரைக்கும், கோடு கோடாக நின்றது. தலையை ஆட்டினேன், ஓடவில்லை. அந்த அம்மாள் கையில் கொடுத்தேன்.

அவர் வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை தலை ஆடவில்லை. பலகையைப் பார்க்கவும் இல்லை. எதிர்க் கட்டடத்தின் பால்கனியில் யாரோ ஒரு மனிதர் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவரைப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. முதலாளியம்மா என்னைப் பார்த்தார்.

"அவரு சட்டையில மூணாவது பட்டன் தொங்குது" என்றார் அந்த அம்மாள், கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்ச நேரத்துல விழுந்துடும். யாராவது அவர்கிட்ட சொல்லக் கூடாதா?"

அப்படியே பார்த்துக்கொண்டே பேசினார். "எத்தன ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். எல்லாரும் இறங்கிப் போய் பறவை பாப்பாங்க, மலை பாப்பாங்க. நான் பஸ்லயே உக்காந்துடுவேன். நீங்க போங்க, நான் உங்க பையெல்லாம் பாத்துக்கறேன்னு சொல்லிடுவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய ஆள் மாதிரி அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கமாக நீர் இறங்கி, கழற்றித் துடைக்கலாம் என்றால் கை வரவில்லை, ஜன்னல் முழுக்கக் கலங்கிப்போய் ஒன்றுமே தெரியவில்லை.

"நாளைக்கு மேல வந்துடுங்க" என்றார் முதலாளியம்மா பக்கத்தில் வந்து.

"கண்ணாடியோடதான் வருவேன்" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"கண்ணாடி இல்லாம வந்தீங்கன்னா உள்ளயே விட மாட்டேன்" என்றார் அவர். பிறகு அந்த அம்மாளிடம் கையெழுத்து வாங்க வேண்டிய தாளை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அந்த அம்மாள். "அவரு இப்பதான் பக்கத்தத் திருப்பறாரு."